டாக்டருக்குப் படிக்கிறவங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கும் வரட்டும்

"பல மாவட்டத்துல மருத்துவக் கல்லூரி வந்தாச்சு, இன்னும் என்னய்யா குறை உங்களுக்கு?"ன்னு பட்டணத்து நண்பர்கள் கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். பதில் சொல்றேன்.

2022 ஜனவரி 12ல், ஒரே நாள்ல, தமிழ்நாட்டுல 11 அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. அரியலூர், கள்ளக்குறிச்சி, நாமக்கல், திண்டுக்கல், ராமநாதபுரம்னு எல்லாம் எங்கள மாதிரி ஆளுங்க இருக்குற மாவட்டம். சந்தோஷம். ஆனா கல்லூரி மாவட்டத் தலைநகர்ல. பாம்பு கடிக்கிறது எங்க வரப்புல.

கட்டுவிரியன் கடிச்சா வலியோ வீக்கமோ பெருசா இருக்காது. தரையில பாய் போட்டுப் படுத்தவன் விடியக்காலம் வயித்துவலின்னு எழுந்திரிப்பான். அப்புறம் இமை தொங்கும், நாக்கு குழறும், மூச்சு அடங்கும். இமையைப் பார்த்ததுமே பாம்புன்னு டாக்டருக்குத் தோணணும். கண்ணாடிவிரியன் கடிச்சா ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க சுத்தமான கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து, அசைக்காம 20 நிமிஷம் வச்சுப் பார்த்தாலே போதும். மெஷின் வேண்டாம், பழக்கம்தான் வேணும். முறிமருந்துக்கு வேண்டிய விஷத்தைக்கூட மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் கூட்டுறவுச் சங்கம்தான் எடுத்துக் கொடுக்குது. பாம்பு இங்க, விஷம் இங்க. படிப்பு மட்டும் ஏன் தலைநகரத்தோட நிக்கணும்?

தாலுகா ஆஸ்பத்திரியில இளம் டாக்டர் ரெஃபர் எழுதி 108ல ஏத்தி விடுறதை நான் பார்த்திருக்கேன். அவரைத் திட்ட மனசு வரலை. முறிமருந்து சில பேருக்கு ஒவ்வாமல் போகும். அதைச் சமாளிச்சுப் பழகாதவருக்கு ஊசியை எடுக்கவே பயமாத்தான் இருக்கும். படிக்கிற காலத்துலயே மூத்த டாக்டர் பக்கத்துல நின்னு நாலு கேஸ் பார்க்க வச்சிருந்தா அந்தப் பயம் இருக்குமா? வரப்புல நின்னு உழவு கத்துக்கிட்டவன் யாரு?

இது ஒண்ணும் புதுசு இல்ல. எம்.டி., எம்.எஸ். படிக்கிறவங்க 3 மாசம் மாவட்ட ஆஸ்பத்திரியில வேலை பார்க்கணும்னு 2020லயே விதி வந்தாச்சு. முதல்ல 100 படுக்கை வேணும்னாங்க. 2023ல 50 போதும்னு குறைச்சாங்க. 50 படுக்கை பல தாலுகா ஆஸ்பத்திரியிலயே இருக்கு. அப்புறம் என்ன தடை?

"அங்க சொல்லித்தர ஆள் இல்லையே, தங்க இடம் இல்லையே"ம்பாங்க. இல்லைன்னா ஏற்பாடு பண்ணுங்க. ஒரு பொது மருத்துவர், ஒரு பிரசவ டாக்டர், ஒரு குழந்தை டாக்டர், ஒரு மயக்க மருந்து டாக்டர், இவங்களை நிலையாப் போட்டு, சொல்லித்தர்றதையும் அவங்க வேலையா எழுதி, அதுக்குச் சம்பளமும் சேர்த்துக் கொடுங்க. பொம்பளைப் பிள்ளைங்க ராத்திரி டூட்டி முடிச்சு பயமில்லாமப் படுக்க பூட்டு உள்ள அறை கட்டுங்க. கல்லூரிக்குக் கொட்டின கோடியில இது எத்தனை பங்கு?

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். காலிப் பணியிடத்தை மாணவர்களை வச்சு ஒப்பேத்துற வேலை ஆகாது. நிலையான டாக்டர் இல்லாத இடத்துக்குப் படிக்கிற பிள்ளையை அனுப்புறது, அந்தப் பிள்ளைக்கும் துரோகம், எங்களுக்கும் துரோகம். நாங்க பழகிப் பார்க்குற பொம்மை இல்ல.

உங்க வீட்டுப் பிள்ளை மெடிக்கல் படிச்சா, "கிராமத்துப் பக்கம் போட்டுட்டாங்களே"ன்னு சிபாரிசு தேடி ஓடாதீங்க. அனுப்பி வைங்க. புத்தகத்துல ஒரு பாரா படிச்சதை இங்க உசுரோட பார்க்கும். எங்க பக்கம் ஒரு உசுரும் மிஞ்சும்.