செங்கல் வேண்டாம், மரம் வேண்டாம்... முதல் நாவல் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு மண்டகப்பட்டு விசிட்!

தலைப்பு ரெடி. ஹீரோயின் பெயர் ரெடி. அட்டைப்படம்கூட ரெடி. முதல் அத்தியாயம் மட்டும் மூன்று வருஷமாக போனின் நோட்ஸ் ஆப்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலோ நட்பு வட்டத்திலோ இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். (அது நீங்களாகவும் இருக்கலாம்!)

ஏன் எழுதவில்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "நல்ல லேப்டாப் வாங்கணும்", "சரித்திரக் கதை, இன்னும் நிறைய படிக்கணும்", "இந்த வேலையை விட்டாத்தான் நேரம் கிடைக்கும்". இதற்கிடையில் இரண்டாவதாக ஒரு பேய்க்கதை, மூன்றாவதாக ஒரு காதல் கதை என்று புது ஃபைல்கள் வேறு திறந்திருப்பார்கள்.

அவர்களை ஒருநாள் மண்டகப்பட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிற ஊர் இது. இங்கே ஒரு பாறையைக் குடைந்து செய்த சின்னக் கோயில் இருக்கிறது. முகப்பின் இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர்கள், சதுரமான கனத்த தூண்கள், உள்ளே மூன்று கருவறைகள். கருவறைகள் இப்போது வெறுமையாக இருக்கின்றன. சுற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. ஆனால், அங்கிருக்கும் கல்வெட்டுதான் விஷயமே. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச்சாந்து இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்கிறது அது. விசித்திரசித்தன் என்பது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன். அவன் குடைவித்த முதல் கோயில் இதுதான் என்று வரலாற்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

கோயில் கட்ட என்னவெல்லாம் அவசியம் என்று அன்றைய உலகம் நினைத்ததோ, அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, எதிரில் இருந்த பாறையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறான். அதைப் பெருமையாக எழுதியும் வைத்துவிட்டான். நல்ல தன்னம்பிக்கைதான்!

அந்த மகேந்திரன் ஓர் எழுத்தாளனும்கூட. 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சமஸ்கிருத அங்கத நாடகம் அவன் எழுதியது. ராஜா எழுதினால் போர்க்களமும் யானைப்படையுமாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. குடிபோதையில் இருக்கும் ஒரு கபாலிகன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். அந்தப் பக்கம் வந்த பௌத்தத் துறவிதான் திருடியிருப்பார் என்று சண்டைக்கு நிற்கிறான். கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! முழுக்க முழுக்க அவனுடைய தலைநகர் காஞ்சியின் தெருவில் நடக்கிற கலாட்டா. மலையைக் குடைந்தது போலவேதான் இதுவும். கைக்கு எட்டும் தூரத்தில் கிடைத்ததை எடுத்துக்கொண்டிருக்கிறான்.

1,300 வருஷம் கழித்து இதே மகேந்திரன் ஒரு தமிழ் நாவலில் கதாபாத்திரமானான். 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்குத் தெரியும். அந்த நாவல் உருவான விதத்தை கல்கி தன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ரசிகமணி டி.கே.சி-யுடன் மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஆயனரும் சிவகாமியும் மாமல்லரும் அவர் மனதுக்குள் வந்திருக்கிறார்கள். நாவலின் கடைசி வரியை எழுதி முடித்தபோதுதான் 12 வருஷமாகச் சுமந்த பாரம் இறங்கியதாம்.

12 வருஷம்! "பார்த்தீங்களா, கல்கியே அவ்வளவு நாள் எடுத்திருக்கார்" என்று நோட்ஸ் ஆப் பார்ட்டிகள் சந்தோஷப்பட வேண்டாம். அந்த 12 வருஷத்தில் அவர் என்னவெல்லாம் செய்தார் என்று பாருங்கள். ஆனந்த விகடனில் வேலை பார்த்தார், அதைவிட்டு வெளியே வந்தார், தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார், திரும்பி வந்து 1941-ல் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதில் முதலில் தொடராக வந்த சரித்திர நாவல் 'பார்த்திபன் கனவு'. கதைக்காலப்படி இது சிவகாமிக்குப் பின்னால் நடப்பது. ஆனால், முன்னால் எழுதப்பட்டுவிட்டது. மனதில் முதலில் வந்த கதை காத்திருக்க, அளவில் சின்னக் கதை முந்திக்கொண்டது.

எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். கனவு நாவலுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று வேறு எதையும் தொடாமல் இருக்கிறவர்கள் உண்டு. கல்கி அப்படி இருக்கவில்லை. பார்த்திபன் கனவை மூன்று பாகங்களில் முடித்தார். அதற்குப் பிறகு 1944 முதல் 1946 வரை சிவகாமியை நான்கு பாகங்களாக எழுதினார். 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களுக்கு ஓடியது. படிப்படியாக ஏறிப் போயிருக்கிறார்.

அப்புறம், வாராவாரம் எழுதினார் என்பதை மறக்கக் கூடாது. அடுத்த இதழ் அச்சுக்குப் போயாக வேண்டும். வாசகர்கள் காத்திருக்கிறார்கள். 'மூடு வரலை' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. (தொடர்கதைக்கே உரிய இழுவை அங்கங்கே தெரியும் என்பது என் தாழ்மையான கருத்து. கல்கி ரசிகர்கள் மன்னிக்கவும்!) இன்று பிரதிலிபியில் தொடர் எழுதுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகத் தெரியும். அத்தியாயம் தாமதமானால் வாசகர்கள் கமென்ட்டில் வந்து விசாரிப்பார்கள். வெளியிட விருப்பம் இல்லையா? உங்கள் அக்காவிடமோ நண்பரிடமோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓர் அத்தியாயம் அனுப்புவதாகச் சொல்லி மாட்டிக்கொள்ளுங்கள்.

"நம்ம ஊர்ல என்ன கதை இருக்கு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. விழுப்புரம், கடலூர் பக்கத்தை நடுநாடு என்பார்கள். இந்த வட்டாரத்தின் பேச்சைக் கதைகளுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தபடியே எழுதியவர். 1999-ல் வந்த 'அஞ்சலை' நாவலில் முந்திரிக்காட்டு மண்ணின் ஒரு பெண்ணுடைய வாழ்க்கை வலிக்க வலிக்க வந்திருக்கிறது. 'நடுநாட்டுச் சொல்லகராதி'யையும் அவர் தொகுத்திருக்கிறார். ஆயாவும் அத்தையும் பேசுகிற சொற்களைக் குறித்துவைப்பதுகூட ஒரு ரைட்டிங் புராஜெக்ட்தான். அதற்கு லேப்டாப் தேவையில்லை.

சரி, அன்றாடம் எப்படி எழுதுவது? அதற்கும் பல்லவச் சிற்பிகளிடம் பதில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகள் சில இருக்கின்றன. முடிந்த கோயில்களைவிட அவற்றைப் பார்க்கும்போதுதான் வேலை நடந்த விதம் புரியும். பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டத்தைச் சுற்றி உளியால் ஆழமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் எஞ்சும் கல்லை உடைத்து எடுத்திருக்கிறார்கள். பிறகு அடுத்த கட்டம். முழு மலையையும் அண்ணாந்து பார்த்து மலைத்து நின்றிருந்தால் ஒரு தூண்கூடத் தேறியிருக்காது.

நாவலுக்கும் கணக்குப் போடலாம். ஒரு நாளைக்கு 300 சொற்கள், வாரத்துக்கு ஐந்து நாள், 40 வாரம். மொத்தம் 60,000 சொற்கள். ஒரு நாவலுக்கு இது தாராளம். 300 சொல் என்பது அரை மணி நேர பஸ் பயணத்தில் போனில் தட்டிவிடக்கூடிய அளவு. கல்லுக்கும் கதைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். தவறாக வெட்டிய கல்லை ஒட்டவைக்க முடியாது. நமக்கு பேக்ஸ்பேஸ் இருக்கிறது. அதனால், முதல் வரைவு மோசமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று இரண்டு வரி குறித்துவைத்துவிட்டு எழுந்திருங்கள். 1954 டிசம்பரில் கல்கி காலமானபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துத்தான் மகள் ஆனந்தி அந்த நாவலை முடித்தார்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நாலு பாகமும் படிக்க நேரமில்லை என்றால், இன்று ராத்திரி 'சிவகாமியின் சபதம்' முன்னுரையை மட்டுமாவது படித்துப் பாருங்கள். படித்து முடித்ததும் அந்த நோட்ஸ் ஆப்பைத் திறக்கலாம்.