மாத்திரை உண்டு, ஆள் இல்லை

அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, உயிர்காக்கும் சேவைக்கு விலக்கு உண்டு என்றார்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் பணியும் அதில் அடங்கும் என்று 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் விளக்கமும் தந்தார்கள். மாதம் முடிவதற்குள் ஒப்பந்தங்கள் கொத்துக்கொத்தாக ரத்தாயின. பெப்ஃபார் என்ற அமெரிக்க எய்ட்ஸ் உதவித் திட்டத்தின் தகவல் தொகுப்பும் முடங்கியது. தென்னாப்பிரிக்காவில் வேலையிழந்தவர்களில் மருத்துவ நிலையங்களில் பெயரும் தேதியும் பதிந்துகொண்டிருந்தவர்களும் உண்டு. எழுத்து வேலைதானே, நின்றால் யார் செத்துவிடப் போகிறார்கள் என்பது வாஷிங்டன் கணக்கு போலும்.

யார் சாவார்கள் என்று நாம் சொல்கிறோம். தொற்றுள்ள தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயது வரைகூடத் தங்கும். அதனால் அந்தப் பொருளைத் தேடும் வழக்கமான சோதனை உதவாது. ஆறு வார வாக்கில் குதிகாலில் குத்தி, சொட்டு ரத்தத்தை அட்டையில் உலர்த்தி, தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வருவதற்குள் தாய் பிழைப்புத் தேடி வேறு ஊர் போயிருப்பாள். பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாகக் கிடப்பதைக் கண்டு யாராவது போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் வீடு தேடிப் போக வேண்டும். அதோடும் முடிவதில்லை. தாய்ப்பால் குடிக்கும் வரை அபாயம் உண்டு. ஆறாம் வாரத்தில் தப்பிய பிள்ளைக்குப் பத்தாம் மாதத்தில் தொற்றலாம். சிகிச்சை கிடைக்காவிட்டால் தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும், தண்ணீரில் கரையும் குழந்தை மாத்திரை கிடங்கில் அடுக்கியிருந்து என்ன பயன்? யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டாமா?

இந்தத் திட்டத்தால் 55 லட்சம் குழந்தைகள் தொற்றின்றிப் பிறந்ததாக மார்தட்டியதும் இதே வாஷிங்டன்தான். பதிவேடு இல்லாமல் அந்த எண் வானத்திலிருந்தா விழுந்தது?

இவர்களுக்கு இது முதல் தடவையும் அல்ல. 2003-இல் திட்டம் தொடங்கியபோதே, தடுப்பு நிதியில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம் வரை பாலுறவு கூடாது என்ற உபதேசத்துக்கு ஒதுக்கச் சட்டம் போட்டார்கள். பாலியல் தொழிலை எதிர்ப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்றார்கள். அந்த நிபந்தனையை ஏற்காமல் 2005-இல் பிரேசில் சுமார் 4 கோடி டாலரை வேண்டாம் என்று உதறியது. நோயாளியோடு பழகுகிறவர்களைக் கேட்காமல் முடிவெடுப்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது. அன்று ஒழுக்கத்தைக் காட்டினார்கள். இன்று சிக்கனத்தைக் காட்டுகிறார்கள். கோப்பில் கையெழுத்திடுகிறவர்களுக்கு ஒருமுறையாவது இப்படிப்பட்ட முடிவுக்காகச் சம்பளம் நின்றிருக்கிறதா?

நாளை தொற்று குறைந்துவிட்டது என்று ஓர் அறிக்கை வரக்கூடும். பதிவுசெய்ய ஆளே இல்லாதபோது அதை யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆப்பிரிக்க அரசுகள் தம் பங்கை உயர்த்தட்டும், அமெரிக்க நாடாளுமன்றம் விழித்துக்கொள்ளட்டும், பணம் எந்த வழியிலாவது வரட்டும். வெளியே அனுப்பியவர்களை முதலில் திரும்பக் கூப்பிடுங்கள். சிக்கனத்தைப் பிறகு பேசலாம்.