தொழிற்கூடத்தில் சொல்வன்மை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. அத்தகைய இடத்தில் கடைசல் எந்திரத்தருகே நிற்கும் இளைஞன், அதன் ஒலி கொண்டே பழுதை அறிவான். ஆயின், பொறியாளர் கூடிய அவையில் எழுந்து கூறுக என்றால் அவன் நாக் குழறும். பழுது நீங்காது, வீணாகும் இரும்பு நாள்தோறும் குவியும்.

மேடைப் பேச்சுக்குத் தமிழகத்தில் பஞ்சம் இல்லை! தொழிற்கூடம் வேண்டுவது அடுக்குமொழி அன்று. எப்பகுதி கெட்டது, எப்பொழுது கெட்டது, யாது செய்யலாம் என்னும் தெளிவே வேண்டும். வள்ளுவரும் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகியவற்றை அமைச்சியலில், வினையாற்றுவோர்க்கு உரியனவாகவே வைத்தார்.

மாணவர்களே! ஆய்வுக்கூடக் கருவி ஒன்றைக் கையில் ஏந்தி, அஃது இயங்கும் முறையைத் தோழர்க்கு ஐந்து நிமிடம் விளக்கிப் பாருங்கள். பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்வதினும் இது பயனுடைத்து என்பதே என் துணிபு. பள்ளிகளும் இதற்கென வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குதல் வேண்டும்.