கோரிக்கை மனு: பள்ளி விடும் நேரத்துக்கும் ஷிப்ட் முடியும் நேரத்துக்கும் நடுவே

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
அரசு, மாநகராட்சி மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் (கூட்டாக),
திருப்பூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

நகல்: மாநகரக் காவல் ஆணையர், மாநகராட்சி ஆணையர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்.

பொருள்: கைப்பேசி, சமூக ஊடகம் ஆகியவற்றால் பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் கெடுவதைத் தடுக்க மாவட்ட அளவில் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,



"பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்காதீர்கள்" என்ற அறிவுரையைப் பள்ளி விழாக்களிலும் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் கேட்டு வருகிறோம். அறிவுரை சரிதான். ஆனால் அன்று மாலையே பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்து விழுகிறது. போனை வாங்கி வைத்தால், "டீச்சர் அனுப்பின கணக்கைப் பார்க்கணும்மா" என்கிறாள் பிள்ளை. அவள் சொல்வது பொய்யும் இல்லை. ஆகவே பெற்றோருக்கு இன்னொரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. பள்ளியும் அரசுத் துறைகளும் பனியன் கம்பெனிகளும் தங்கள் பக்கத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைக் கேட்கவே வந்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட காலத்தில் பாடம் போனில்தான் நடந்தது. கடன் வாங்கிப் போன் வாங்கிய குடும்பங்கள் எங்களில் பல. அன்றைக்கு அதைத் தவிர வழியில்லை, அதில் யாரையும் குறை சொல்லவில்லை. பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. 14 முதல் 16 வயதுள்ள ஊரகப் பிள்ளைகளிடம் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட 'அசர்' 2024 கணக்கெடுப்பில், முந்தைய வாரத்தில் போனைப் படிப்புக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் சுமார் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 சதவீதம். படிப்புக்கென்று வீட்டுக்குள் வந்த பொருள் எங்கே போய் நிற்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் ஊரின் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி மாலை நாலேகாலுக்கு விடுகிறது. கட்டிங்கிலும் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் வேலை செய்யும் தாயும் தகப்பனும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வீடு திரும்ப இரவு எட்டரை, ஒன்பது. ஆர்டர் அவசரம் என்றால் அதுவும் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களுக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி இங்கே இல்லை. காம்பவுண்டு வீட்டில் ஒற்றை அறை, வாசலை ஒட்டி ரோடு, விளையாட இடம் கிடையாது. அந்த நான்கு மணி நேரம் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால்தான் எங்களுக்கு வேலை ஓடும். உள்ளே இருக்க வைப்பது போன். ஒழுக்கம் தெரியாத பெற்றோர் என்று எங்களைச் சொல்லுமுன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம்.

இன்னொன்று. பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கென்று தனிப் போன் இல்லை. அம்மாவின் போன், அம்மாவின் கணக்கு. மறுமுனையில் உள்ள நிறுவனத்துக்குத் தெரிவதெல்லாம், திருப்பூரில் 34 வயதுப் பெண் ஒருவர் மாலை முழுக்க ரீல்ஸ் பார்க்கிறார் என்பதுதான். பார்ப்பது ஆறாம் வகுப்புப் பையன். வயதைச் சரிபார்க்கும் எந்த ஏற்பாடும் இந்த வீட்டில் தோற்றுவிடும்.

போன் பார்க்கும் எல்லாப் பிள்ளையையும் 'அடிமை' என்று சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு சார்ந்த கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முதன்மையாவது, கெடுதல் தெரிந்தும் விடாமல் தொடர்வது ஆகியவை வழக்கமாக ஓராண்டு நீடித்தால்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்ட பிள்ளைகள் சிலர். அவர்களைத் தாண்டி, இரவு ஒரு மணிக்குத் தூங்கி முதல் பீரியடில் தலை சாய்க்கும் பிள்ளைகள், நிறத்தையும் உடம்பையும் திரையில் வருபவர்களோடு ஒப்பிட்டுச் சாப்பாட்டைக் குறைக்கும் பெண்கள், வகுப்புக் குழுவிலிருந்து நீக்கப்பட்டதற்காகப் பள்ளிக்கே வர மறுக்கும் பையன்கள் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. ஆசிரியர்கள் எங்களிடம் சொல்வதும் இதைத்தான். சமூக ஊடகமே மனச்சோர்வுக்குக் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. கெட்டுப்போன தூக்கத்தைப் பற்றி வாதிட ஒன்றுமில்லை.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்.

முதலாவதாக, வீட்டுப்பாடம் போனைவிட்டு வெளியே வர வேண்டும். கடைசி மணி அடிக்குமுன் கரும்பலகையில் எழுதி, பிள்ளை டைரியில் எழுதிக்கொண்டு போகட்டும். வாட்ஸ்அப் குழு பெற்றோருக்கான அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும், அதுவும் மாலை 6 மணிக்குப் பிறகு வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் உள்ள காணொளிகள் நல்லவை. அவற்றை ஸ்மார்ட் வகுப்பறையில் ஆசிரியர் போட்டுக் காட்டி, நிறுத்தி, விளக்கினால்தான் பயன். வீட்டில் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினால் அடுத்த விரல் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். கணினியில் செய்தே ஆக வேண்டிய வேலை இருந்தால் ஹைடெக் லேப்பைப் பள்ளி நேரத்துக்குப் பின் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம். இதற்குப் பணம் வேண்டாம், புதிய சட்டம் வேண்டாம், முதன்மைக் கல்வி அலுவலரின் ஒரு சுற்றறிக்கை போதும். அதனால்தான் இதை முதலில் வைத்தோம்.

இரண்டாவது, மாலை நேரம். எங்களைப் பொறுத்தவரை மனுவின் உயிர் இதுதான். மாநகராட்சிப் பள்ளி மைதானங்களை மாலை 7.30 வரை திறந்து வைக்க வேண்டும். விளக்கு, குடிநீர், திறந்திருக்கும் கழிப்பறை, பெண் பிள்ளைகளும் வந்து ஆடும்படி ஒரு பெண் பொறுப்பாளர் ஆகியவை இருந்தால் போதும். பெரிய விளையாட்டுத் திட்டம் எதுவும் கேட்கவில்லை, ஒரு வாலிபால் வலை, ஒரு கேரம் போர்டு, ஸ்கிப்பிங் கயிறு. உடற்கல்வி ஆசிரியர் இல்லாத இடங்களில் உள்ளூர்க் கபடிக் குழு இளைஞர்களை மதிப்பூதியத்தில் அமர்த்தலாம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நடக்கும் கிளை நூலகங்களும் பகுதிநேர நூலகங்களும் பிள்ளைகள் வரக்கூடிய மாலை நேரத்தில் திறந்திருக்க வேண்டும். வேற்று மாநிலப் பிள்ளைகளுக்காக இந்தி, ஒடியா படப் புத்தகங்கள் சிலவும் வேண்டும். பகல் நேரத்தில் உடற்கல்வி பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். 'கடன்' என்கிறார்கள், திருப்பிக் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

இந்தச் செலவில் தொழிலுக்கும் பங்கு உண்டு. பெண்கள் பலர் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஏழாவது வயதில் அந்தப் பிள்ளை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று சட்டம் நினைத்தது போலும். தாய் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதால் ஓடும் தொழில் இது. ஏற்றுமதி நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இந்த மாலை மையங்களை நடத்த முன்வர, தொழில் அமைப்புகளை அழைத்து ஆட்சியர் பேச வேண்டும்.

மூன்றாவது, ஆலோசகர்கள். விசாகப்பட்டினத்தில் இறந்த ஒரு மாணவி தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல்கள் தந்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும். சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையாகத் தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும் என்பதும் அந்த வழிகாட்டுதலில் உள்ளது. அந்தக் குழுவில் பெற்றோர் இருவருக்கு இடம் கேட்கிறோம். எல்லாப் பள்ளிக்கும் உடனே ஆலோசகர் கிடைக்க மாட்டார் என்பது புரிகிறது. முதல் ஆண்டில் ஐந்தாறு பள்ளிகளுக்கு ஒருவர், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் என்று தொடங்கலாம். ஆனால் அவர் மனநலம் படித்தவராக இருக்க வேண்டும். பீரியட் குறைவாக உள்ள ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டு ஆலோசகர் இருக்கிறார் என்று பதிவேட்டில் எழுத வேண்டாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருந்தும், வேலை நாளில் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். வளரிளம் பருவத்தினருக்கென ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புறநோயாளிப் பிரிவு நடத்தினால், வருபவர்கள் எண்ணிக்கையே தேவை எவ்வளவு என்று சொல்லிவிடும். பக்கத்துக் கேரளத்தில் காவல் துறையே சில நகரங்களில் 'டி-டாட்' என்ற பெயரில் போன் பழக்கத்திலிருந்து பிள்ளைகளை மீட்கும் மையங்களை நடத்துகிறது. அதையும் பார்த்து வர ஒரு குழுவை அனுப்பலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை வகுப்பறைச் சுவரில், பிள்ளைகள் கண் உயரத்தில் எழுதி வையுங்கள். தலைமை ஆசிரியர் அறைக்குள் ஒட்டியிருக்கும் சுவரொட்டி பிள்ளைகளுக்குப் பயன்படாது.

நான்காவது, சொல்லக் கூச்சமானது. சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைகளின் படத்தை எடுத்து மாற்றி வேறு உடம்போடு ஒட்டிப் பரப்புவதும், போலிக் கணக்கு தொடங்கி மிரட்டுவதும் நடக்கின்றன. இப்போது அதற்கு ஓர் இலவசச் செயலி போதும். அந்தப் பெண் வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் முதலில் போன் பறிபோகும், பிறகு பள்ளி நிற்கும், அடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மிரட்டுகிறவனுக்கும் தெரியும், அவன் பலமே அதுதான். ஆகையால் புகார் கொடுத்த பிள்ளையின் படிப்பு எந்தக் காரணத்துக்காகவும் தடைபடாது என்பதற்குப் பள்ளித் தலைமை பொறுப்பேற்க வேண்டும். அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததாகக் கருதும் பள்ளிமீது நடவடிக்கை வேண்டும். போக்சோ சட்டம் பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சைபர் கிரைம் புகார்களிலும் அந்த முறையே முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும். இப்படிப்பட்ட படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே சொல்லின. அந்தப் புகாரை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஓர் ஆள் வேண்டும். சைபர் குற்றப் புகாருக்கான 1930, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய எண்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளைகளின் முகம். வகுப்பில் ரீல்ஸ் எடுத்துத் தம் சொந்தக் கணக்கில் போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பாசத்தில்தான் செய்கிறார்கள். சத்துணவுத் தட்டோடு நிற்கும் பிள்ளையிடம் மைக் நீட்டும் யூடியூபர்களுக்கு அந்தப் பாசமும் இல்லை. தப்பாகச் சொன்ன ஒரு விடை லட்சம் பேர் சிரிக்கும் காணொளியாகிறது, பிள்ளை அடுத்த பல மாதங்கள் அந்தப் பெயரோடு நடக்கிறது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பள்ளி வளாகத்தில் எந்தப் பிள்ளையின் படமும் தனிநபர் கணக்குகளில் வரக் கூடாது. வருகை தரும் அதிகாரிகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இது பொருந்த வேண்டும். தேர்தல் காலங்களை மனதில் வைத்து இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம்.

கடைசியாக, தங்கள் வழியாக மாநில, மத்திய அரசுகளுக்கு. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. அதுபோன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் கருத்துத் தெரிவித்திருக்கிறது. இதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. தடை வந்தால் நிம்மதி என்கிறார்கள் தாய்மார்களில் பலர். அம்மாவின் போனில் பார்க்கும் பிள்ளையை எந்தத் தடை பிடிக்கும் என்று கேட்கிறார்கள் மற்றவர்கள். அந்தச் சட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அபராதம் பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை, நிறுவனத்துக்குத்தான். அது 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகும்.

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் பத்தாம் வகுப்புக்குப் போய்விடும். தமிழ்நாடு அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை விதித்தது. உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அதை ஏற்றது. வளர்ந்தவர்களின் ரம்மிக்கே இரவில் கதவை அடைக்க முடிந்த அரசால், தானாக அடுத்தடுத்து ஓடும் காணொளிகளையும் நடுஇரவு அறிவிப்பு ஒலிகளையும் எல்லாக் கணக்குகளிலும் இயல்பாகவே அணைத்து வைக்கும்படி மத்திய அரசை வலியுறுத்த முடியும். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். யாருடைய போன் யார் கையில் இருந்தாலும் வேலை செய்யும் ஏற்பாடு அது ஒன்றுதான்.

முதல் கோரிக்கைக்கான சுற்றறிக்கையை ஜூனில் பள்ளி திறக்குமுன் வெளியிடுமாறும், மாலை மையங்களை முதற்கட்டமாக அனுப்பர்பாளையம், அங்கேரிபாளையம் பகுதிகளில் தொடங்குமாறும், இது குறித்துப் பேச அலுவலர்களோடு எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தாய்மார்களும் வர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: திருப்பூர்
நாள்: பிப்ரவரி 2026

இணைப்பு: பெற்றோர், ஆசிரியர் கையொப்பப் பட்டியல்; மாலையில் திறக்கக் கோரும் பள்ளி மைதானங்கள், நூலகங்களின் பட்டியல்.