வெயில் மீது பழி போட வேண்டாம்



"இந்த வெயிலுக்கு வாழை எங்க வரப்போகுது?" கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் லயத்து வாசலிலும் இப்போது இதே பேச்சுத்தான். சில வருடங்களுக்கு முன் நாங்களும் அப்படித்தான் சொன்னோம். ஒரு பெப்ரவரி மாதம் பாடசாலை வளவில் பிள்ளைகளோடு சேர்ந்து வாழைக்குட்டிகள் நட்டோம். படம் எடுத்துப் போட்டோம், நிறைய லைக்கும் வந்தது. மார்ச் முடிவதற்குள் பாதிக்கு மேல் கருகிவிட்டன. பழியை வெயில் மீது போட்டுவிட்டு இருந்துவிட்டோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் கடைகளில் தொங்கும் குலைகளில் எத்தனை எம்பிலிப்பிட்டிய, சூரியவெவ பக்கத்திலிருந்து வருகின்றன? எங்களை விடச் சூடான, மழை குறைந்த பூமி அது. 1960களில் கட்டிய உடவளவை நீர்த்தேக்கத்தின் தண்ணீர் வாய்க்கால் வழியே போவதால் அங்கே வாழை செழிக்கிறது. மழை கொட்டும் மலையடிவாரத்தில் இருக்கும் நாங்கள், வெயில் காயும் ஊரின் பழத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அப்படியென்றால் குற்றம் வெயிலில் இல்லை.

வாழை வெயிலை விரும்பும் பயிர். 27 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் அதற்கு நன்றாக ஒத்துவரும். 38ஐத் தாண்டினால்தான் வளர்ச்சி நின்றுபோகும். நடுப்பகலில் இலை இரண்டாக மடிந்து தொங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஈரத்தைக் காப்பாற்ற அது அப்படிச் செய்கிறது. பொழுது சாய்ந்தும் இலை விரியவில்லையென்றால்தான் மரத்துக்குத் தாகம். அதன் வேரில் பெரும்பகுதி ஓர் அடி ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. மேல்மண் காய்ந்தால் மரமும் காயும்.

அதனால் எங்கள் கருத்து இதுதான்.

முதலில், நடும் காலத்தை மாற்றுவோம். பெப்ரவரி 4க்கு மரம் நட்டுவிட்டு வறட்சியில் கைவிடுவது வேண்டாம். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் இருக்கும். அந்த நாட்களை ஒட்டிப் பின்னேர இடிமழை வரும், மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். நிகழ்ச்சி ஒன்று வேண்டுமென்றால் ஜூன் 5, சுற்றாடல் தினம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் ஒக்டோபர் மழை.

அடுத்து, மண்ணை மூடுவோம். முற்றம் கூட்டிச் சருகை எரிப்பதைத் துப்புரவு என்று நினைக்கிறோம். அந்தச் சருகையும் காய்ந்த வாழை இலையையும் மரத்தைச் சுற்றிச் சாண் உயரத்துக்குப் போட்டால் ஈரம் நிற்கும். அடிமரத்தோடு மட்டும் ஒட்டாமல் போடுங்கள். ஒரு தாய்மரத்துக்கு ஒன்றிரண்டு குட்டி போதும். காய்ந்த மண்ணில் யூரியா போடாதீர்கள், வேர் கருகிவிடும்.

கடைசியாகத் தண்ணீர். தோட்டத்தில் பீலிக்கரை வாழை எந்த வறட்சியிலும் வாடுவதில்லை. யாரும் அதற்கென்று தண்ணீர் ஊற்றுவதுமில்லை. குளித்த தண்ணீர் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான். பள்ளிவாசலில் வுழூச் செய்த தண்ணீரும் அப்படியே. அதில் சவர்க்காரம்கூட இல்லை. ஜும்ஆ நாளில் மட்டும் எவ்வளவு தண்ணீர் கானில் போகிறது! ஆற்றங்கரையிலும் தண்ணீரை வீணாக்காதே என்று படித்த சமூகம் நாங்கள். ஒரு குழாய் போட்டு வாழைப் பாத்திக்குத் திருப்ப என்ன தடை? தேங்க மட்டும் விடக்கூடாது, டெங்கு நுளம்பு வந்துவிடும்.

"குடிக்கவே தண்ணி தூக்கி வாறோம், வாழைக்கு எங்க ஊத்துறது?" என்று எங்கள் மாணவி ஒருத்தியின் தாய் கேட்டார். நியாயமான கேள்வி. வெயில் காலத்தில் குடம் சுமப்பது பெண்களும் பிள்ளைகளும்தான். குடிதண்ணீரை ஊற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். கழுவிய தண்ணீரும் சருகும் இருந்தால் வீட்டுக்கு இரண்டு மரம் தாக்குப் பிடிக்கும். இரண்டு மரம் என்றால் பிள்ளையின் காலைச் சாப்பாட்டோடு ஒரு பழம்.

இன்ஷா அல்லாஹ், இந்த முறை மழைக்குத்தான் நடுகிறோம். நடும் அன்று படம் கிடையாது. குலை வெட்டும் அன்று போடுகிறோம்.