பெட்டி வந்தது, விளக்கு எரியவில்லை

போன மாதம் பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க, அந்த வீட்டுப் பையன் பள்ளிபாளையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தறிக்குப் போகிறவன். அரை நாள் கூலி போச்சு.

"ஏந்தம்பி, உங்க ஊராட்சி ஆபீசுக்கே இன்டர்நெட் வந்துருச்சுன்னாங்களே?" என்றேன்.

"பொட்டி வந்துருச்சுங்க ஐயா. அதுல லைட்டுத்தான் எரியறதில்லீங்க" என்றான்.

கிராமங்களுக்குக் கண்ணாடி இழைக் கம்பி போடும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-லேயே ஒப்புதல் கொடுத்தது. பிறகு அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் இதற்காகவே டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் தொடங்கினார்கள். 12,525 ஊராட்சிகளை இணைப்பதாகத் திட்டம். 2020-ல் டெண்டர் ரத்தாகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த வருடம்தான் பள்ளிகளை மூடி, பிள்ளைகளைச் செல்போனில் படிக்கச் சொன்னார்கள். சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறிய பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நான் சின்ன வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கூடப் படித்த சிலர் பிரான்சுக்கே போய்விட்டார்கள். அதில் ஒருவன் எண்பதுகளில் ஊருக்கு வந்தபோது மினிடெல் என்ற பெட்டியைப் பற்றிச் சொன்னான். சின்னத் திரை, கீழே எழுத்துப் பலகை. டெலிபோன் டைரக்டரிக்குப் பதிலாக அரசின் தபால், தொலைபேசித் துறையே வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்ததாம். அதிலேயே ரயில் டிக்கெட் எடுக்கலாம் என்றான். நான் நம்பவில்லை! 1982-ல் நாடு முழுக்க வந்த அந்தச் சேவை 2012 ஜூன் 30 வரை ஓடியது.

இன்றைய இன்டர்நெட்டுக்கு முன்னால் அது ஒன்றுமில்லைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கம்பி இழுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கிழவியும் பயன்படுத்தும்படி ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, முப்பது வருடம் ஓட்டிக் காட்டினார்கள்.

நானும் ஆபீஸில் ஃபைல் கட்டியவன்தான். எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்று மேலே அறிக்கை போகும். போட்டது எத்தனை நாள் வேலை செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காத கணக்கை எந்த கிளார்க்கும் எழுதமாட்டான். மின்கம்பம் வழியாகப் போகிற கம்பி லாரி உரசினாலே அறுந்துவிடும். அதை யார், எத்தனை நாளில் ஒட்டவேண்டும் என்பது ஊர்க்காரனுக்குத் தெரியவேண்டாமா?

பெரிய செலவெல்லாம் வேண்டாம். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு கரும்பலகை வைத்து, இந்த மாதம் இன்டர்நெட் எத்தனை நாள் ஓடியது, பழுதானால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று எழுதிப் போடட்டும். கிராமசபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கைப் படிக்கட்டும். கேட்க ஆள் இருந்தால் விளக்கு தானாக எரியும்.

நம்மைப் போன்ற ஓய்வூதியர்களுக்குத்தான் நேரம் நிறைய இருக்கிறது. அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று முதலில் நாம் கேட்போமே!