“பட்டிதானே”ன்னு சொல்லாதீங்க

எங்க வீட்டுப் பட்டி கைசர் செத்து இன்னைக்கு இருபத்தி மூணு நாள் ஆகுது. வெளியூர்ல இருந்து வாசிக்கிறவங்களுக்காகச் சொல்லுதேன், பட்டின்னா நாய். பேச்சிப்பாறைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு.

பதினோரு வருஷம் எங்க கூட இருந்தான். என் மவன் பள்ளிக்கூடம் படிக்கும்போது குலசேகரத்துல ஒரு சொந்தக்கார வீட்டுல இருந்து சட்டைக்குள்ள வச்சு பஸ்ஸுல கொண்டுவந்த குட்டி. நாட்டு ஜாதி. செவல நெறம், ஒரு காது மட்டும் மடிஞ்சு கெடக்கும். அழகுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா வேலைக்கு அவனப்போல ஒருத்தன் கெடைக்க மாட்டான்.

எனக்கு எண்பது சென்ட் ரப்பர். அதுக்குக் கீழ முப்பது சென்ட்ல மரச்சீனியும் கொஞ்சம் வாழையும். பால்வெட்டு உள்ள நாள்ல காலைல நாலரைக்கு நெத்தியில லைட்ட மாட்டிக்கிட்டு எறங்குவேன். கைசர் எனக்கு நாலடி முன்னால போவான். சருகுக்குள்ள பாம்பு கெடந்தா மொதல்ல அவனுக்குத்தான் தெரியும். ஆளப் பாத்துக் கொரைக்கது ஒரு சத்தம், பன்னியப் பாத்துக் கொரைக்கது ஒரு சத்தம், பாம்புன்னா கொரைக்கவே மாட்டான். நின்னு உறுமுவான். நானும் அங்கயே நின்னுருவேன். பதினோரு வருஷமா எனக்க காலு தப்பினதுக்கு அவன்தான் காரணம்.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி மரச்சீனி விளைக்குள்ள காட்டுப்பன்னி எறங்கிச்சு. காட்ட ஒட்டி விளை வச்சிருக்க எல்லாருக்கும் உள்ள சங்கடம்தான் இது. ஒரு ராத்திரி வந்துட்டுப் போச்சுன்னா பத்து மாசப் பாடு போச்சு. கைசர் பாஞ்சு போனான். பெரிய சத்தம் கேட்டுது. நான் டார்ச் எடுத்துக்கிட்டு எறங்குகதுக்குள்ள பன்னி ஓடிப் போச்சு. கைசர் திரும்பி வந்தான். வயித்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ஓட்டை. சுண்டுவெரல் நுழையும், அவ்வளவுதான். ரத்தம்கூட ரொம்ப இல்ல.

“விடிஞ்சதும் டாக்டர்ட்ட கொண்டு போவோமா?”ன்னு வீட்டுக்காரி கேட்டா.

நான் சொன்னேன், “பட்டிதானே, நக்கியே ஆத்திரும்.”

மஞ்சளத் தேங்காண்ணெயில கொழச்சு அப்பி விட்டேன். நாலஞ்சு நாளா மழையில வெட்டு கெடையாது. அன்னைக்குத்தான் வெயில் தெளிஞ்சுது. பால்வெட்டப் போயிட்டேன். மறுநாளும் அவன் எழும்பி வாசல் வரைக்கும் வந்தான், வால ஆட்டினான். சரியாயிருச்சுன்னு நெனச்சேன். மூணாவது நாள் கஞ்சி குடிக்கல. நாலாவது நாள் நாத்தம் வந்துச்சு, முடிய விலக்கிப் பாத்தா புழு. சாக்குல பொதிஞ்சு ஆட்டோவுல கொண்டு போனோம். டாக்டர் திட்டல. பன்னிக்க கொம்பு குத்தினா வெளிய ஓட்டை சின்னதாத்தான் தெரியும், உள்ள கிழிஞ்சு கெடக்கும், மொத நாளே வந்திருந்தா கழுவி, தையல் போட்டு, மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்னு மெதுவாச் சொன்னாரு. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

மறுநாள் விடியக்காலம் நான் நெத்தி லைட்ட எடுத்து சுவிட்சப் போட்டேன். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் எழும்பப் பாத்தான். முன்னங்கால மட்டும் ஊனினான். பெறவு படுத்துட்டான். அன்னைக்கு நான் வெட்டப் போகல. ஆறு மணிக்கு முன்ன போயிட்டான்.

மரச்சீனி விளைக்க மூலையில அயனி மரத்துக்குக் கீழ குழி வெட்டினேன். மழையில மண்ணு எளகிக் கெடந்ததால வெட்ட கஷ்டம் இல்ல. வீட்டுக்காரி அவன் கஞ்சி குடிக்க அலுமினியச் சட்டியயும் கொண்டுவந்து உள்ள வச்சா. நான் வேண்டாம்னு சொல்லல.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வாறேன்.

ரெண்டு நாள் கழிச்சு சாயாக்கடைக்குப் போனேன். என்கூடப் படிச்ச ஒருத்தர் கேட்டாரு, “என்னவே, பட்டி செத்ததுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீரு? பட்டிதானே. துட்டி வீடு மாதிரி இருந்தா எப்படி? எங்க தெருவுல நாலு குட்டி கெடக்கு, ஒண்ண எடுத்துக்கிட்டுப் போரும்.” கடையில இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவரு நல்ல மனுஷன்தான், மனசுல ஒண்ணும் வச்சுச் சொல்லல. ஆனா வீட்டுக்கு வாற வழியெல்லாம் அந்த “தானே” காதுல கெடந்து குத்திச்சு. ஏன்னா அந்த வார்த்தைய மொதல்ல சொன்னது அவரு இல்ல, நான். அவன் உயிரோட இருக்கும்போதே சொன்னேன். அந்த “தானே”தான் அவன டாக்டர்ட்ட கொண்டு போக விடாமச் செஞ்சுது.

இன்னொரு தப்பும் செஞ்சேன். மவன் குவைத்துல இருக்கான். வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவுல வருவான், வந்ததும் “கைசர காட்டுங்க”ன்னு கேப்பான். மொத வெள்ளிக்கிழமை “விளைக்குப் போயிருக்கான்”னு சொன்னேன். ரெண்டாவது வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னேன். எனக்க அம்மைக்கு வயசு எண்பத்தி நாலு. பின்னால கட்டில்ல இருந்து சத்தமாச் சொல்லிட்டா, “அவன் செத்து ரெண்டு வாரம் ஆச்சு மக்களே. ஒனக்க அப்பன் பொய் சொல்லுகான்.” மவன் ஒண்ணும் பேசல. போன வச்சுட்டான். ராத்திரி திரும்பக் கூப்பிட்டான்.

“ஏம்ப்பா சொல்லல?”

“தூரத்துல தனியாக் கெடந்து வெசனப்படுவியேன்னுதான் மக்களே.”

“நான் வெசனப்படக் கூடாதா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

மவ நர்சிங் படிக்கா. அவகிட்ட இதச் சொன்னேன். ஊரு ஒத்துக்கிடாத துக்கம்னு ஒண்ணு உண்டு அப்பா, கென்னத் டோகான்னு ஒரு அமெரிக்கக்காரர் 1989-ல அதப் பத்தி ஒரு புஸ்தகமே கொண்டு வந்தாருன்னு சொன்னா. மனுஷன் செத்தா நாலு பேரு வந்து துட்டி கேப்பாங்க, கஞ்சி கொண்டு வருவாங்க, காடாத்து உண்டு, பதினாறு உண்டு. அழுகதுக்கு ஒரு எடமும் நாளும் ஊரு ஒதுக்கித் தருது. பட்டி செத்தா அது ஒண்ணும் கெடையாது. அதனால வெசனம் கொறஞ்சு போகாது, உள்ள போயி ஒளிஞ்சு கெடக்கும். யோசிச்சுப் பாத்தா புண்ணுக்கும் அதே கதைதான். வெளிய சின்ன ஓட்டை, மேல மஞ்சள்.

இது இப்பம் டவுன்காரங்க கொண்டுவந்த புதுப் பழக்கம்னு சிலபேரு நெனைக்கலாம். அப்படி இல்ல. எனக்குப் பழைய கல்வெட்டு சமாச்சாரம் வாசிக்கதுல ஒரு பைத்தியம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்க ஒரு நடுகல் இருக்கு. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்துல, சுமார் 1,400 வருஷத்துக்கு முன்ன வச்ச கல்லு. மாட்டுச் சண்டையில செத்த கருந்தேவகத்திங்க வீரனுக்கு வச்சது. அவனுக்குப் பக்கத்துலயே அவனுக்க நாயயும் செதுக்கியிருக்கு. நாய்க்குப் பேரு கோவிவன். ரெண்டு கள்ளனக் கடிச்சுக் காவல் நின்னுதுன்னு கல்லுல எழுதி வச்சிருக்கு. ராஜா காலத்துல எத்தனையோ பெரிய மனுஷங்களுக்க பேரு அழிஞ்சு போச்சு, ஒரு நாய்க்க பேரு நிக்குது.

இன்னொண்ணு கர்நாடகத்துல, மண்டியா மாவட்டம் ஆதகூர். இப்பம் அந்தக் கல்லு பெங்களூர் மியூசியத்துல இருக்கு. 949-ல நம்ம தக்கோலத்துல பெரிய சண்டை நடந்துது, சோழ இளவரசன் ராஜாதித்தன் செத்தது அங்கதான். அந்தச் சண்டையில கங்க ராஜா பூதுகனுக்காகப் போராடின வீரன் மணலேரன். என்ன வேணும் கேளுன்னு ராஜா சொன்னதுக்கு, அவன் பொன்னு கேக்கல, ராஜாவுக்க காளிங்க வேட்டை நாயக் கேட்டு வாங்கினான். பெறவு அந்தக் காளிய ஒரு பெரிய காட்டுப்பன்னி மேல ஏவி விட்டாங்க. பன்னியும் செத்துது, காளியும் செத்துது. கோயிலுக்கு முன்னால காளிக்குக் கல்லு நாட்டி, பூசைக்கு நெலமும் எழுதி வச்சாங்க. இத நான் பல வருஷம் முன்னமே வாசிச்சிருக்கேன். இப்பம் திரும்ப எடுத்து வாசிச்சப்பம் என்னால முழுசா வாசிக்க முடியல.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்க அணை 1906-ல முடிஞ்சுது. அதக் கட்டின மிஞ்சின் துரைக்க கல்லறை அணைக்குப் பக்கத்துலயே இருக்கு. மூக்கன் துரைன்னு எங்க ஆளுங்க இன்னும் அவரப் பத்திப் பேசுவாங்க. எங்கயோ பெறந்த வெள்ளக்காரன் இங்க உழைச்சான்னு நெனப்பு வச்சிருக்க ஊரு இது. வைரவனுக்கு வாகனமே நாய்தான். கோயில்ல அதுக்கும் சேத்துத்தான் கும்பிடுகோம். வெளிய வந்து “பட்டிதானே”ன்னு சொல்லுகோம்.

ஒரு நியாயமான கேள்வி உண்டு. மனுஷனுக்கே ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழி இல்லாத எடத்துல பட்டிக்குத் துக்கம் கொண்டாடணுமா? ஒத்துக்கிடுதேன். நான் பதினாறு நடத்தணும்னு சொல்ல வரல, மார்பிள்ல சமாதி கட்டணும்னும் சொல்ல வரல. காசு செலவு இல்லாத ஒண்ணத்தான் கேக்கேன். ஒருத்தன் வெசனமா இருந்தா சிரிக்காதீங்க. “நல்ல பட்டில்லா, எத்தன வருஷம் இருந்தான்?”னு ஒரு வார்த்த கேளுங்க. அது போதும். எங்க வீட்டுக்குப் பால் வாங்க வாற மயினி அப்படித்தான் கேட்டா. வீட்டுக்காரி அடுக்களையில ஒக்காந்து அரமணிக்கூறு பேசினா, அழுதா. அன்னைக்கு ராத்திரிதான் அவ ஒழுங்கா சோறு தின்னது.

ஒடனே வேற குட்டி கொண்டு வாறதும் எனக்குச் சரியாப் படல. காட்டுப்பக்க விளைக்குப் பட்டி இல்லாம முடியாது, தை மாசம் கழிஞ்சு ஒண்ணு கொண்டு வருவேன். ஆனா அது வேற பட்டி, வேற பேரு. செத்தவனுக்க எடத்த அடைக்கக் கொண்டுவந்தா அந்தக் குட்டிக்கும் அது நல்லதில்ல. அவன மாதிரி இல்லன்னு தெனமும் அதுகிட்ட கொறை சொல்லிக்கிட்டே இருப்போம். சின்னப் பிள்ளைங்க உள்ள வீடுன்னா இன்னும் கவனம் வேணும். ஓடிப் போயிட்டான்னு பொய் சொன்னா, பிள்ள தெனமும் வாசலப் பாத்துக்கிட்டு இருக்கும். செத்துட்டான்னு சொல்லுங்க. குழியில ஒரு பிடி மண்ணு போடச் சொல்லுங்க.

பொதைக்கதுலயும் ஒரு காரியம் உண்டு. சிலபேரு சாக்குல கெட்டிக் கால்வாய்ல தள்ளி விடுகாங்க. இந்தத் தண்ணிதான் கீழ நாஞ்சில்நாட்டு வயலுக்கெல்லாம் போகுது. செய்யாதீங்க. கெணறு, ஓடை விட்டுத் தள்ளி, மூணடிக்கு மேல ஆழமா வெட்டிப் பொதைங்க. மேல ஒரு கல்லத் தூக்கி வைங்க. நரியும் தோண்டாது, நமக்கும் ஒரு அடையாளம் இருக்கும். நானும் ஒரு கல்லு வச்சிருக்கேன். எழுத்து ஒண்ணும் இல்ல. மவன் கேட்டான்னு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்காரி இன்னும் சில நாள் கஞ்சிக்கு ஒரு பிடி அரிசி கூடப் போட்டுருகா. போட்ட பெறவுதான் ஞாபகம் வரும். நான் ஒண்ணும் சொல்லுகதில்ல. மிச்சக் கஞ்சியக் கோழிக்கு ஊத்திருவா.

எனக்குள்ள கிடக்க குத்தம் சீக்கிரம் போகாது. போகணும்னும் இல்ல. அதுல இருந்து ஒரு ஆளுக்காவது பிரயோசனம் வந்தாப் போதும்னுதான் இவ்வளவும் எழுதுதேன். உங்க வீட்டுல பட்டி உண்டுன்னா இன்னைக்கு சாயங்காலம் அதக் கூப்பிட்டு, ஒடம்பு முழுக்க முடிய விலக்கித் தடவிப் பாருங்க. சின்ன ஓட்டையா இருந்தாலும், பன்னி குத்தினதோ வேற மிருகம் கடிச்சதோ ஆனா, அன்னைக்கே டாக்டர்ட்ட கொண்டு போங்க. மழக்காலத்துல ஈ முட்ட வச்சுப் புழுவாக ஒரு நாளு போதும். மஞ்சள் மேல மட்டும்தான் மூடும். ஒரு நாள் பால்வெட்டு போனா மறுநாள் வெட்டிக்கிடலாம்.

நாளைக்கு எனக்கு வெட்டு உண்டு. இப்பம் முன்னால போக ஆளில்ல, கையில ஒரு கம்பு எடுத்துச் சருகத் தட்டிக்கிட்டுதான் எறங்குகேன்.